இலவசம் என்று கடையில் ஒட்டிவிட்டுப் போன கியூஆர்

2025 ஜூலையில் பெங்களூரின் சின்னக் கடைகளில் திடீரென்று ஒரு காகிதம் தொங்க ஆரம்பித்தது. 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்.' சில கடைகளில் கன்னடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள், சில கடைகளில் பிரிண்ட் எடுத்து லேமினேட்டே செய்துவிட்டார்கள். பத்து ரூபாய் டீக்குக்கூடப் போனை நீட்டிப் பழகிய ஊர் இது. பர்ஸ் எடுத்துப் போகும் வழக்கமே பாதிப் பேருக்குப் போய்விட்டது. அந்த ஊரில் ஒரே வாரத்தில் டீக்கடையும் பூக்கடையும் பேக்கரியும் பணமாகக் கொடு என்று கேட்டால் எல்லோருக்கும் கோபம் வரத்தான் செய்யும். என் ஆபீஸிலும் வந்தது. "வரி கட்டாம ஏமாத்தறாங்க, மாட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான்" என்று லஞ்ச் மேசையில் பேசி முடித்துவிட்டார்கள்.

எனக்கு அது அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. நான் பல வருஷமாகப் பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதும் வேலையில் இருப்பவன். யுபிஐக்கான அந்தக் கியூஆர் ஸ்டிக்கர் எப்படிக் கடைக்கு வந்தது, யார் செலவில் வந்தது, அதில் யாருக்கு என்ன கிடைத்தது என்பது ஓரளவு தெரியும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கர்நாடக வணிக வரித் துறை, பணம் செலுத்தும் சேவை தரும் நிறுவனங்களிடமிருந்து கடைக்காரர்களின் யுபிஐ வரவு விவரங்களை வாங்கியது. 2021-22 முதல் 2024-25 வரைக்கும். பொருள் விற்பவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம், அதைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது சட்டம். யுபிஐயில் வந்த தொகை அதைத் தாண்டியும் பதிவு இல்லாதவர்களுக்கு நோட்டீஸ் போனது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு நான்கு வருஷத்தில் 1.63 கோடி வரவு வந்திருக்கிறது, 29 லட்சம் வரி கட்டு என்று நோட்டீஸ் போனதாகச் செய்தி வந்ததும் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. துறை தரப்பில், நோட்டீஸ் என்பது விளக்கம் கேட்பது மட்டும்தான், வரிவிலக்குப் பொருள் என்று காட்டினால் விட்டுவிடுவோம் என்றார்கள். சரி, அது உண்மையாகவே இருக்கட்டும். 29 லட்சம் என்று எழுதிய காகிதம் கையில் இருக்கும் மனிதனுக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்?

வியாபாரிகள் ஜூலை 25 அன்று கடையடைப்பு என்று அறிவித்தார்கள். 23-ஆம் தேதி முதல்வர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசியதும் கைவிட்டார்கள். பழைய பாக்கிக்கு விரட்ட மாட்டோம், ஆனால் வரம்பைத் தாண்டினால் இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பது பேச்சின் சாரம். இதற்கு நடுவில் மாநிலத் தரப்பு இது மத்திய அரசின் ஜிஎஸ்டி என்றது, மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி நோட்டீஸ் அனுப்பியது மாநிலம்தானே என்றார். இரண்டும் உண்மைதான். யாருக்கும் அந்தக் காகிதம் தன்னுடையது என்று சொல்ல விருப்பமில்லை.

நான் தினமும் போகும் கடை அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இந்த ஊரில் காண்டிமெண்ட்ஸ் என்பார்களே, அந்த வகை. டீ, பால் பாக்கெட், பன், சிகரெட், கடலைமிட்டாய், ரீசார்ஜ். நடத்துபவர் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அண்ணன். அவருக்கு நோட்டீஸ் வரவில்லை. ஆனால் செய்தி பார்த்த அன்றே பன் வெட்டும் கத்தியால் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டார். முழுதாக வரவில்லை. கல்லாப்பெட்டி மேல் ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது, சவுண்ட் பாக்ஸை ஒயரைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

"என்னண்ணே, பயந்துட்டீங்களா?"

"பயம் இல்ல தம்பி. போன வருஷம் மச்சான் வீடு கட்ட அஞ்சு லட்சம் கொடுத்திருந்தேன், அதை அவன் இதுலதான் திருப்பிப் போட்டான். சீட்டுப் பணம் எடுத்தப்பவும் இதுலதான் வந்துச்சு. பக்கத்து ஆஸ்டல் பசங்க காசு இல்லைன்னா இதுல போட்டுட்டு எங்கிட்ட கேஷ் வாங்கிட்டுப் போவானுங்க. எது வியாபாரம், எது இல்லன்னு அந்த மிஷினுக்குத் தெரியுமா?"

தெரியாது. இதை எழுதும் வேலையில் இருக்கிறேன் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன், தெரியாது. கியூஆருக்கு வரும் பணம் எல்லாமே கடைக்காரக் கணக்கில் ஒரே மாதிரி வரவாகத்தான் பதிவாகும். மச்சான் திருப்பிக் கொடுத்த கடனும் மாலை நேரத்து டீயும் ஒரே பட்டியலில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 40 லட்சம் என்றால் பெரிய தொகையாகத் தோன்றும். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குப் பதினோராயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. பாலும் சிகரெட்டும் விற்கிற, நாலு தெரு கூடும் இடத்தில் இருக்கிற கடைக்கு அது பெரிய வியாபாரமே இல்லை. அதில் லாபம் எவ்வளவு நிற்கும் என்பது வேறு. நந்தினி பால் பாக்கெட்டில் கடைக்காரருக்கு நிற்பது சில்லறை. பால் வரி இல்லாத பொருள்தான், ஆனால் 40 லட்சத்தைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது, வரியுள்ள பொருளும் சேர்த்து விற்பவருக்குப் பால் விற்ற காசும் மொத்தத்தில் சேர்ந்துவிடும். இவர்களுக்கென்றே காம்போசிஷன் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஒன்றரைக் கோடி வரைக்கும் விற்பனை உள்ள வியாபாரி வரியுள்ள பொருளுக்கு 1% கட்டினால் போதும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நாலு வருஷம் கழித்து நோட்டீஸ் வந்த பிறகு பழைய வருஷங்களுக்கு அது கிடைக்காது. அப்போது 5, 12, 18 என்று முழு வரிதான், மேலே வட்டியும் அபராதமும். கியூஆர் ஒட்ட வந்த ஒரு பையனாவது இதைச் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு அன்றைக்கு இத்தனை கடை ஒட்ட வேண்டும் என்று டார்கெட்.

இங்கேதான் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. செய்தது என்பிசிஐ, வங்கிகள் சேர்ந்து நடத்துகிற, ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருக்கிற லாப நோக்கமற்ற நிறுவனம். நல்ல பொறியியல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும், எந்த ஆப்பிலிருந்தும், அந்த நொடியிலேயே. கூகுள் நிறுவனமே 2019-இல் அமெரிக்க மத்திய வங்கிக்கு யுபிஐ மாதிரி ஒன்று கட்டுங்கள் என்று கடிதம் எழுதியது. 2016 நவம்பர் 8 அன்று ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்ததும் கையில் காசில்லாத நாடு போனைத் தேடியது. அப்புறம் கேஷ்பேக் யுத்தம். ஐம்பது ரூபாய் அனுப்பினால் ஐம்பது ரூபாய் திரும்பி வந்த காலம் ஒன்று இருந்தது, சுரண்டிப் பார்க்கும் பரிசுக் கூப்பன் வேறு. அந்தப் பணம் யாருடையது? அமெரிக்க, சீன, ஜப்பானிய முதலீட்டாளர்களுடையது. வாடிக்கையாளரை முதலில் பிடி, லாபத்தை அப்புறம் பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

2020 ஜனவரி 1 அன்று நடந்ததுதான் இதில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன், ஆனால் வெளியே அதிகம் பேசப்படவில்லை. யுபிஐக்கும் என்பிசிஐயின் சொந்தக் கார்டான ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் பூஜ்யம் என்று அரசு விதி கொண்டுவந்தது. எம்டிஆர் என்பது கார்டு தேய்க்கும்போது கடைக்காரரிடமிருந்து வங்கிகளும் கார்டு நிறுவனமும் பிடித்துக்கொள்ளும் சதவீதம். கிரெடிட் கார்டில் இரண்டு சதவீதம் மாதிரி போகும். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018-இல் வைத்த உச்சவரம்பு சிறு வியாபாரிக்கு 0.4%, மற்றவர்களுக்கு 0.9%. யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் ஒன்றுமே இல்லை. சட்டத்தாலேயே விலை பூஜ்யம்.

அல்சூர் கடைக்காரர் கண்ணில் இது வரம். ஒரு டீக்குப் பத்துப் பைசா பிடித்திருந்தால்கூட அவர் ஒட்டியிருக்க மாட்டார். யுபிஐ இவ்வளவு தூரம் பரவியதற்கு இந்தப் பூஜ்யம் பெரிய காரணம், அதை மறுக்கவே முடியாது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது.

ஆனால் செலவு பூஜ்யம் இல்லை. நீங்கள் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும் உங்கள் ஆப்பிலிருந்து அதன் வங்கிக்கு, அங்கிருந்து என்பிசிஐக்கு, அங்கிருந்து உங்கள் வங்கிக்குப் பணத்தைக் கழிக்கச் சொல்லி, பிறகு கடைக்காரர் வங்கிக்கு வரவு வைக்கச் சொல்லி, எல்லோருக்கும் ஆயிற்று என்று பதில் சொல்லி, இத்தனையும் சில நொடியில் நடக்கிறது. ஒவ்வொரு முனையிலும் சர்வர், ஆள், எஸ்எம்எஸ், மோசடி தடுப்பு, பணம் போய்விட்டது ஆனால் கடைக்கு வரவில்லை என்று கூப்பிடுபவருக்குப் பதில் சொல்ல ஒரு கால் சென்டர். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கை, சராசரி 800 ரூபாய் பரிவர்த்தனைக்கு எல்லோருக்குமாகச் சேர்த்து 2 ரூபாய் செலவாகிறது என்று கணக்குப் போட்டது. அறிக்கை வந்த சில நாளிலேயே நிதி அமைச்சகம், யுபிஐக்குக் கட்டணம் வைக்கும் எண்ணமே இல்லை என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பதிலாக வருஷா வருஷம் ஊக்கத்தொகை என்று பட்ஜெட்டில் இருந்து கொடுக்கிறார்கள். 2023-24-க்கு ரூபே டெபிட் கார்டையும் சேர்த்து 3,631 கோடி. 2024-25-க்கு யுபிஐக்கு வெறும் 1,500 கோடி, அதுவும் சிறு வியாபாரிக்கு வரும் 2,000 ரூபாய் வரையான தொகைக்கு மட்டும் 0.15%. பரிவர்த்தனை ஏறிக்கொண்டே போனது, ஊக்கத்தொகை இறங்கியது. அடுத்த வருஷம் எவ்வளவு என்று எந்த நிறுவனமும் முன்கூட்டியே சொல்ல முடியாது, தில்லியில் அமைச்சரவை கூடி முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில் யார் தாக்குப்பிடிப்பார்கள்? நஷ்டத்தைப் பல வருஷம் தாங்கக்கூடிய பெரிய முதலாளி பின்னால் இருப்பவர்தான். போன்பே பின்னால் வால்மார்ட், கூகுள் பே பின்னால் கூகுள். இந்த இரண்டும் மட்டும் சேர்ந்து 2025-இல் எண்ணிக்கையில் 80 சதவீதத்துக்கும் மேல். இங்கே கோரமங்களாவிலோ எச்எஸ்ஆர் லேஅவுட்டிலோ நாலு பேர் சேர்ந்து இன்னும் நல்ல ஆப் ஒன்று செய்தால்கூட, விலை பூஜ்யமாக இருக்கிற சந்தையில் அவர்கள் எதை விற்று ஆள் சம்பளம் கொடுப்பார்கள்? எளிய மனிதனுக்காகக் கொண்டுவந்த விதி, பெரியவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாத மதில் சுவராகவும் ஆகிவிட்டது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. எந்த ஆப்பும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று என்பிசிஐ 2020 நவம்பரில் விதி போட்டது. கெடு 2022 இறுதி. பிறகு 2024 இறுதி. பிறகு 2026 இறுதி. அதே சமயம் வாட்ஸ்அப்பின் பணச் சேவையை 2018-இலிருந்து சோதனையிலேயே நிறுத்திவைத்து, 2020-இல் அனுமதி கொடுத்தபோதும் இரண்டு கோடிப் பேர் வரைக்கும்தான் என்று வரம்பு வைத்து, அந்த வரம்பை முழுதாக எடுத்தது 2024 டிசம்பர் 31 அன்று. யுபிஐயில் கிரெடிட் கார்டை இணைக்கலாம், ஆனால் ரூபேயை மட்டும்தான், விசாவும் மாஸ்டர்கார்டும் முடியாது. இதில் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம், வாட்ஸ்அப்பை அப்போதே திறந்துவிட்டிருந்தால் இன்று மூன்றாவது பூதமாக அது நின்றிருக்கும் என்பது எனக்கே தோன்றும். நான் சொல்ல வருவது, நம் போனில் எந்த ஆப் இருக்கிறது என்பதை நம் விருப்பம் மட்டும் தீர்மானிக்கவில்லை, எந்தக் கதவு எந்த வருஷம் திறந்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானித்தது.

சரி, பூஜ்ய விலையில் கம்பெனிகள் எப்படிப் பிழைக்கின்றன? சவுண்ட் பாக்ஸுக்கு மாதா மாதம் வாடகை, கடைக்காரர் கணக்கில் இருந்தே போய்விடும். ரீசார்ஜ், இன்சூரன்ஸ் கமிஷன், விளம்பரம். எல்லாவற்றையும்விட முக்கியமானது கடன். தினமும் எவ்வளவு வருகிறது, எந்த மாதம் டல், எந்த நேரத்தில் கூட்டம் என்பது கம்பெனிக்குத் தெரியும், அதை வைத்து நிதி நிறுவனங்களிடமிருந்து கடன் வாங்கித் தருவார்கள், தவணை தினம் தினம் வசூலிலேயே கழியும். அண்ணனும் ஒரு முறை வாங்கியிருக்கிறார், ஃப்ரிட்ஜ் வாங்க. கந்துவட்டிக்காரனிடம் போவதற்கு இது எவ்வளவோ மேல் என்று அவரே சொல்வார், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடன் கிடைத்ததற்கு ஈடு அவருடைய அன்றாட வியாபாரத்தின் பதிவு. அதே பதிவுதான் பிறகு வரித் துறைக்கும் போனது. கடைக்காரர் கொடுத்தது ஒன்றுதான், அதை எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில், அதிலும் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அன்றிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம். அரசு தன் வேலைக்காகத் தகவல் கேட்பதற்கு அதில் விலக்குகள் தாராளம். ஆக, அந்த ஜூலையில் அல்சூர்க் கடைக்காரருக்கு அந்தச் சட்டத்தால் எந்தப் பயனும் இருந்திருக்காது, இனிமேலும் பெரிதாக இருக்காது.

வரி கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. என் சம்பளத்தில் பிடிப்பதுபோல் நன்றாக ஓடும் கடையும் கட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதனிடம் இது இலவசம், ஒட்டிக்கொள், நாட்டுக்கு நல்லது என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டு, நாலு வருஷம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு மொத்தமாகக் கணக்குக் கேட்பது நேர்மையில்லை. எல்லா எண்களும் முதல் மாதத்திலிருந்தே கம்பெனியிடம் இருந்தன. வரவு 30 லட்சத்தைத் தாண்டும்போது "அண்ணே, நீங்க வரம்புக்குப் பக்கத்துல வந்துட்டீங்க, இப்பவே காம்போசிஷன்ல பதிவு பண்ணிக்கங்க" என்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஒரு மெசேஜ் அனுப்புவது பெரிய தொழில்நுட்பமே இல்லை, ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். நான் எழுதித் தருகிறேன். கடன் வேண்டுமா என்று வாரத்துக்கு எத்தனை மெசேஜ் அனுப்புகிறார்கள்! இதை ஏன் அனுப்பவில்லை என்றால் அனுப்பினால் கடைக்காரர் பயந்து கியூஆரைக் கழற்றிவிடுவார், எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைவதைக் கம்பெனியும் விரும்பாது, 2,000 கோடி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அரசும் விரும்பாது.

பயந்ததில் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தேன். சிலர் மனைவி பெயரில் ஒரு கியூஆர், தம்பி பெயரில் ஒன்று, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். வரித் துறைக்கு முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும், கடைக்காரருக்கு முன்பைவிடச் சிக்கல் அதிகம், நாளைக்கு மாட்டினால் இது வேண்டுமென்றே மறைத்ததாக ஆகும். அண்ணன் அப்படிச் செய்யவில்லை. கொஞ்ச நாள் கேஷ் மட்டும் வாங்கிப் பார்த்தார், ஐடி பசங்க எல்லாம் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள், அப்புறம் அல்சூரிலேயே ஒரு ஆடிட்டரைப் பிடித்து உட்கார்ந்து பேசினார். வீட்டுப் பணத்துக்குத் தனிக் கணக்கு, கடைக்குத் தனிக் கணக்கு என்று பிரித்திருக்கிறார். மச்சானிடமும் சொல்லிவிட்டார்.

பெரிய அளவில் செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பணம் செலுத்தும் நிறுவனங்களின் அமைப்பு 2025 மார்ச்சில் பிரதமருக்குக் கடிதம் எழுதியது, பெரிய வியாபாரிகளிடம் மட்டும் யுபிஐக்கு 0.3% வாங்க அனுமதி கேட்டு. கம்பெனிகள் தங்களுக்காகக் கேட்கிற விஷயம்தான், ஆனாலும் இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே படுகிறது. மால்களும் விமானக் கம்பெனிகளும் கிரெடிட் கார்டுக்கு இரண்டு சதவீதம் பேசாமல் கொடுக்கின்றன, யுபிஐக்கு 0.3% கொடுத்தால் கெட்டுவிடாது. அண்ணன் மாதிரிக் கடைகளுக்குப் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கட்டும். அப்படி வந்தால் கடனையும் தரவையும் விற்றுப் பிழைக்கும் கட்டாயம் கொஞ்சமாவது குறையும், சின்ன நிறுவனம் ஒன்று உள்ளே வந்து நிற்க ஒரு வருமானம் இருக்கும், 30 சதவீத வரம்பை 2026 டிசம்பர் 31 அன்று மூன்றாவது முறையாகத் தள்ளிப்போட வேண்டிய தேவையும் வராது.